நாலாவது ஹைட்ரஜன்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தால் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வரும். அங்கே நான் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்பில் மொத்தமே ஆறு பிள்ளைகள்தான். நாலு பையன்கள், இரண்டு பெண்கள்.

ஒருமுறை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாடு கரும்பலகையில் இருந்தது. தண்ணீருக்கு முன்னால் எதற்கு இந்த 2 என்று கேட்டார். சமன் செய்யத்தான் என்று ஆறு பேரும் கோரஸ் பாடினார்கள். எதற்குச் சமன் செய்ய வேண்டும் என்றார். ஆறு பேரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். அவர் பிள்ளைகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் வருவேன், இதையேதான் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மானமே போய்விட்டது. பஸ்ஸில் விழுப்புரம் வரை அவரை மனசுக்குள் திட்டியும் ஆத்திரம் தீரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதுதான் தொல்லை.

மறுநாளே பிள்ளைகளை அணுக்களாக்கிவிட்டேன். அந்த இரண்டு பெண்களும் குழாயடிக்குப் போனாலும் சேர்ந்தேதான் போவார்கள். ஆக்சிஜனும் ஜோடியாகத்தான் திரியும். அதனால் அவர்கள் ஆக்சிஜன். பையன்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்த ஹைட்ரஜன். நான் தீக்குச்சி. நான் கை தட்டியதும் ஜோடிகள் பிரிந்து, ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தட்டினேன். ஒரு அணுவும் அசையவில்லை. எட்டாவது படிக்கும் பையன் பெண்பிள்ளை கையைப் பிடிப்பானா? நான் தொண்டை கிழியக் கத்தியும் நாலு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கடைசியில் பெண்களே வழி சொன்னார்கள். நடுவில் ஒரு ஸ்கேல். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை அவன். புத்தகத்திலும் பிணைப்பை ஒரு கோடாகத்தானே போடுகிறார்கள்!

தண்ணீரைத் திரும்பப் பிரிக்க மின்சாரம் வேண்டும் என்பதற்கும் ஒரு சட்டம் போட்டேன். ஃபேன் சுவிட்சைப் போடுவேன். ஃபேன் சுற்றினால்தான் ஸ்கேலை விடலாம்.

சொன்னபடி அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்துக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. போதாததற்கு ஒரு ஹைட்ரஜனும் வரவில்லை. வீட்டுக் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டானாம். அவன் இடத்தில் நானே நிற்கிறேன் என்றேன். இரண்டு பெண்களில் வாய்த்துடுக்கானவள் விடவில்லை.

"நீங்க தீக்குச்சி மிஸ். நீங்களும் இங்க வந்துட்டா யாரு பத்த வெக்கறது?"

சொன்னவள் திரும்பி அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நீங்க ஹைட்ரஜனா வர்றீங்களா?"

அவர் கையிலிருந்த ஃபைலை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஜோடியில்லாமல் நின்ற பையன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தான். நான் தட்டினேன். ஜோடிகள் பிரிந்தன, நாலு ஸ்கேல்களும் நீண்டன. அதிகாரியும் ஒரு ஸ்கேலின் முனையில் தண்ணீராக நின்றார். நின்றபடியே மறுமுனையில் இருந்தவளிடம், எதற்கம்மா அந்த 2 என்று கேட்டார். மறுமுனையில் இருந்தது அதே வாய்த்துடுக்குக்காரிதான்.

"நான் தனியா வர மாட்டேன் சார், இவளும் கூட வருவா. எனக்கு ரெண்டு பேருன்னா இவளுக்கும் ரெண்டு பேரு வேணுமில்ல? அப்போ ரெண்டு தண்ணி. வந்தவங்கள்ல யாரும் காணாம போவக் கூடாது, புதுசா யாரும் மொளைக்கவும் கூடாது. அதுக்குத்தான் சார் சமன் பண்றது."

நான் இப்படிச் சொல்லித் தரவே இல்லை. அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்ற வேண்டும் போலிருந்தது. அதிகாரி சபாஷ் என்று சொல்லி ஸ்கேலை விடப் போனார்.

"வுடக் கூடாது சார். நீங்க இப்போ தண்ணி. ஃபேன் சுத்தினாத்தான் பிரியலாம்."

அவர் தலைக்கு மேல் அசையாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். கரண்ட் எப்போது வரும் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். பிள்ளைகளைக் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, ஸ்கேலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.