வீட்டுக்கு ஒரு குடம்

இன்று காலை நீங்கள் குடித்த தண்ணீரை உங்களுக்கு முன்னால் யார் தொட்டார்கள்? சாதியை மனத்தில் வைத்துக் கேட்கவில்லை. அந்த அயோக்கியத்தனத்தைப் பற்றித் தனியாகப் பேசலாம். உங்கள் கிணற்றுக்குள் உங்களைக் கேட்காமல் எவன் கை நுழைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம். அருள்விளையின் அறுபத்து மூன்று வீட்டாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்திக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்துப் போகும் மணல் பாதையில் இருக்கிறது அருள்விளை. ஊருக்கு ஒரு கோயில். மணிக்கூண்டு வைத்த கிறிஸ்தவக் கோயில். அதன் வளவுக்குள் ஒரு கிணறு. உப்பளங்கள் சூழ்ந்த அந்த வட்டாரத்தில் வாயில் வைக்கும்படியான தண்ணீர் ஊறியது அந்த ஒரு கிணற்றில்தான். சாமி கும்பிடுகிறவர்களும் ஜெபம் பண்ணுகிறவர்களும் அதில்தான் இறைத்தார்கள்.

ஜெபகனி அந்த ஊர்ப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். டைப்ரைட்டிங் லோயர் தேறி, ஹையருக்காக வாரம் மூன்று நாள் தூத்துக்குடிக்குப் பேருந்தில் போய் வந்தாள். சபையின் வாலிபர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கிறிஸ்துமஸ் வந்தால் வீடு வீடாகப் பாடப் போவது, கோயில் சுவருக்கு வெள்ளையடிப்பது, இவ்வளவுதான் அதுவரை அந்தச் சங்கம் செய்த வேலை. அவளுடைய அப்பா ஏசுவடியான் ஒரு மைல் வடக்கே புதிதாக வந்திருந்த கெமிக்கல் கம்பெனியில் வாட்ச்மேன்.

1978 தை மாதம் ஊரில் பருப்பு வேகாமல் போனது. எவ்வளவு விறகு வைத்தாலும் சரளைக்கல் போல அப்படியே கிடந்தது. டீயில் ஊற்றிய பால் திரிந்தது. பெண்கள் எல்லாரும் மளிகைக்கடை ஜெயசிங் அண்ணாச்சியைத்தான் வைதார்கள்; பழைய பருப்பை விற்கிறார் என்று. பிறகு செண்பகத்தின் ஆடுகள் ஊர் ஓரத்து ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மாதம் நிறையாமலே குட்டி வீசின. அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் குறை வைத்ததன் பலன் என்றாள் செண்பகம். விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றார் கோயில் உபதேசியார். இரண்டு மதமும் சண்டையில்லாமல் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வமான இடம் இது: மனிதர் யாரும் காரணமல்ல!

ஜெபகனி யாரோடும் வாதாடவில்லை. மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இடுப்பில் சுமந்து வந்தாள். அடுத்த வீட்டுச் செண்பகத்திடம் போய் அடுப்பைக் கேட்டாள்.

"ஏளா, உங்க வீட்டுப் பருப்ப எங்க வீட்டு அடுப்புல எதுக்கு வேக வைக்க?"

"ரெட்டை அடுப்பு உங்க வீட்லதான இருக்கு அக்கா. ஒரே பருப்பு, ஒரே வெறகு. இந்தச் சட்டில நம்ம கெணத்துத் தண்ணி. அந்தச் சட்டில அடுத்த ஊருத் தண்ணி. சும்மா பாத்துக்கிட்டு இரிங்க."

முக்கால் மணி நேரத்தில் ஒரு சட்டியில் பருப்பு குழைந்தது. மற்றதில் கரண்டி போட்டால் கலகலவென்று சத்தம் கேட்டது. செண்பகம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட பாவமே, அந்தக் கடைக்காரர மூணு மாசமா வஞ்சிக்கிட்டு இருக்கேனே!"

"வைய வேண்டிய ஆளு வேற அக்கா."

ஆயிரம் பிரசங்கம் செய்யாததை அந்த இரண்டு சட்டிகள் செய்தன. மறுநாள் வாலிபர் சங்கத்தார் ஏழு பேர் ஓடையைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் சத்தியராஜ்தான் முன்னால் போனான். கம்பெனியின் பின்சுவருக்கு அடியில், முள்ளுக்குள் மறைந்து, ஓர் இரும்புக்குழாய் ஓடைக்குள் வாய் வைத்திருந்தது. அதிலிருந்து வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. தீக்குச்சி உரசிய வாடை. அது ஓடி வந்து தேங்கி நிற்பது கோயில் கிணற்றுக்கு நாற்பது அடி மேற்கே.

தண்ணீரைச் சர்க்கார் ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்கு அனுப்புவது என்று சங்கம் முடிவு செய்தது. அங்கேதான் தவறும் நடந்தது. எதில் பிடித்து அனுப்புவது? சுத்தமான பாட்டில் வேண்டும். ஊரிலேயே சுத்தமான பாட்டில் எது? ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கோயிலில் திருவிருந்துக்குத் திராட்சரசம் வைக்கும் பாட்டில்தான்! உபதேசியாரிடம் கெஞ்சிக் காலிப் பாட்டில் ஒன்றை வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் ஒரு தரம் அலசி, நிரப்பி, மெழுகு ஊற்றி அடைத்து அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: மாதிரியில் சர்க்கரைப் பொருள் கலந்திருக்கிறது, சோதிக்க இயலவில்லை.

சத்தியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏளா, ஆண்டவரோட பாட்டில்லா அது!"

"ஆண்டவருக்குச் சரி. சோப்புப் போட்டுக் கழுவினோமா?" என்றாள் ஜெபகனி.

புனிதமும் சுத்தமும் ஒன்று என்று நினைத்துத்தான் இந்த நாடு அழுக்குக் குளத்தில் முங்கிக் குளித்துவிட்டுப் புண்ணியத்தோடும் காலராவோடும் வீடு திரும்புகிறது. ஆய்வுக்கூடத்துக்குத் திருவிருந்து தெரியாது. சர்க்கரை மட்டுமே தெரியும். அந்தப் பாடத்தை ஜெபகனி ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். ஆனால் ஆறு வாரம் போய்விட்டது. அதற்குள் கம்பெனி முந்திக்கொண்டது.

ஆவணியில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. அன்று அசனம் நடக்கும். அசனம் என்பது ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. இந்துக்களும் வருவார்கள். அந்த ஆண்டு அசனத்துக்கு அரிசியும் பருப்பும் தருவதாகக் கம்பெனி சொல்லியனுப்பியது. சமைக்க லாரியில் தண்ணீர் வரும். பிறகும் வாரம் ஒரு லாரி வரும். பதிலுக்கு ஒரே ஒரு தாளில் சபைக் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். பந்தி முடிந்ததும் மேனேஜர் முன்னிலையில் போட்டால் போதும்.

கமிட்டித் தலைவர் ஜெயசிங் அண்ணாச்சி ஆராதனை முடிந்ததும் அந்தத் தாளை எல்லார் முன்னாலும் வாசித்தார். கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று கம்பெனியின் வேதியியல் நிபுணர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். ஓடையில் குழாய் விடுவதில் ஊராருக்குப் புகார் எதுவும் இல்லை. அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டியும் பயனில்லை. கிணறு போனது போனதுதான்.

"லாரித் தண்ணி வாரம் ஒரு நாளு அண்ணாச்சி. மிச்சம் ஆறு நாளு?" என்று எழுந்து கேட்டாள் ஜெபகனி.

"வாரத லட்சுமின்னு... சே, ஆசீர்வாதம்னு எடுத்துக்கிட வேண்டியதுதான். உக்காரு."

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பங்குனி மாதத்திலிருந்து அவர் வீட்டுக்கு மாப்பிள்ளையூரணியிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கேட்டால் மனைவியின் வயிற்றுவலி என்பார்.

அன்று வீட்டில் ஏசுவடியான் மகளிடம் கோபப்படவில்லை. கெஞ்சினார். "ஏம்மா, கம்பெனிச் சோத்தத்தான நாம திங்குதோம்?"

"கம்பெனித் தண்ணியயும் சேத்துக் குடிக்கோம்பா."

அவருடைய வேலை என்னாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அருள்விளையில் ஒரு வழக்கம் உண்டு. அசனத்துச் சமையலுக்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் இறைத்து ஊற்ற வேண்டும். பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேதம் இல்லை. ஒரு குடம்தான், குறையவும் கூடாது, கூடவும் கூடாது. லாரி வருவதால் இந்த ஆண்டு அது வேண்டாம் என்று கமிட்டி அறிவித்திருந்தது. ஜெபகனி வீடு வீடாகப் போனாள். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"லாரி வாருதுன்னு வழக்கத்த விட்டுருவியளா அத்தை? நாளைக்கு நம்ம குடம் இல்லாம அசனம் நடந்ததுன்னு சொல்லுவாவ."

"அதெப்படி? நான் கொண்டாரேன்" என்றார்கள் ஒவ்வொரு வீட்டிலும்.

பழைய வழக்கங்களைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். ஒரு வழக்கம் யார் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்காமல் அதை எடை போட முடியாது.

பண்டிகையன்று விடிந்ததும் அறுபத்திரண்டு குடங்கள் வந்தன. வராதது ஜெயசிங் அண்ணாச்சி வீட்டுக் குடம். எட்டு மணிக்கு லாரி வந்தபோது அண்டாக்களில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைத்தான்.

மதியம் பந்தி. நடுவில் மேனேஜர், பக்கத்தில் அண்ணாச்சி. இலை நிறையச் சோறு, மேலே பருப்பு வேகாத சாம்பார். ஐயர், அதாவது வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் பாதிரியார், ஜெபம் பண்ணி முடித்ததும் எல்லாரும் கை வைத்தார்கள். மேனேஜர் ஒரு கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனார். கை நின்றது.

"என்ன வாடை இது?"

சாம்பார் வாளியோடு நின்ற சத்தியராஜ் குனிந்து முகர்ந்தான். "என்ன வாடை சார்? ஒண்ணும் தெரியலையே."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டதும் ஜெபகனி ஒரு பிடிச் சோற்றை எடுத்து முகர்ந்தாள். அவளுக்கும் தெரியவில்லை. பருப்பு வேகாததைக் கண்ணால் கண்டவள் அவள். குழாய் வாயில் நின்றபோது அந்த வாடையை அறிந்தவளும் அவள்தான். ஆனால் அதே வாடை தன் வீட்டுச் சோற்றில் இருப்பதை அவள் மூக்கு எப்போதோ மறந்துவிட்டிருந்தது. பந்தி முழுக்கப் பார்த்தாள். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தின்றுகொண்டிருந்தன.

ஜெயசிங் அண்ணாச்சி நிலைமையைச் சமாளிக்க ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்க முடியவில்லை. திரும்பி உள்ளங்கையில் துப்பினார்.

"அசனச் சோத்தத் துப்பாதீரும் அண்ணாச்சி," என்று எதிர்ப் பந்தியிலிருந்து செண்பகம் சத்தமாகச் சொன்னாள். "நாங்க எட்டு மாசமா இதத்தான் திங்குதோம்."

சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். பாதியில் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகத் தங்கள் இலையைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண் மடியிலிருந்த குழந்தையின் வாயில் விரலை விட்டுச் சோற்றை வெளியே எடுத்தாள்.

"நான் லாரியில தண்ணி அனுப்பினேனே!" என்றார் மேனேஜர்.

"அங்கன நிக்குது சார். ஆனா இந்தக் கெணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு நீங்க கொண்டாந்த தாள் சொல்லுது. அதான் இதுலயே பொங்கினோம். சாப்பிடுங்க" என்றாள் ஜெபகனி.

அவர் சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவப் போனார்; கழுவுவதற்குக்கூட லாரித் தண்ணீரைத்தான் கேட்டார். திரும்பி வந்து தாளை நீட்டியபோது ஜெயசிங் அண்ணாச்சி அதைக் கையில் வாங்கவில்லை.

"என் தொண்டைக்குள்ள எறங்கல சார். நான் எப்படிப் புகார் இல்லன்னு எழுத?"

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கெல்லாம் வசதியாக இருக்கும். முடியவில்லை. அந்த வாரமே ஏசுவடியானுக்கு வேலை போனது. அவர் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சத்தியராஜோடு உப்பளத்துக்குக் கிளம்பிப் போனார். ஐம்பத்து மூன்று வயதில், காலில் உப்பு அரிக்க, பாத்தியில் உப்பை இழுக்கும் வாருகோல் பிடித்து வேலை செய்கிறார். நல்ல காரியத்துக்குக் கூலி கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்தப் பாத்தியில் போய் நிற்கட்டும்.

ஊர் சேர்ந்து எழுதிய புகாருக்குச் சுகாதார அலுவலர் வந்தார். அவர் கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். கிணறு குடிக்க ஆகாது என்று எழுத்தில் வந்தது. கம்பெனி ஓடைக் குழாயைப் பிடுங்கியது. பிடுங்கி, கிழக்கே கடலுக்குத் திருப்பியது. அங்கே நாற்பது குடிசைகள். சங்கு குளிக்கிறவர்கள். இப்போது முங்கி எழும்போது உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது என்கிறார்கள். புகார் இல்லை என்று எழுதிய அதே மாதிரித் தாள் அவர்களிடமும் போயிருக்கிறது. அவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது.

"நம்ம கெணறு தப்பிச்சுது. மழை வந்தா தேறிரும். விடுளா இதோட" என்றார் ஜெயசிங் அண்ணாச்சி.

"அங்கன உள்ளவங்களுக்குத் தோலு இல்லையா அண்ணாச்சி?"

மறுவாரம் அவர் தம் கடையிலிருந்து ஒரு தஸ்தா வெள்ளைத்தாள் கொடுத்தனுப்பினார். ஜெபகனியும் வாலிபர் சங்கத்தாரும் சாயங்காலங்களில் அந்தக் குடிசைகளுக்குப் போகிறார்கள். கம்பெனித் தாளை ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொல்கிறார்கள். யார் உடம்பில் எப்போது தடிப்பு வந்தது, அன்று எந்த இடத்தில் முங்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். குழாய்க்கு அருகே முங்கியவர்கள் ஒரு தாளில், தூரத்தில் முங்கியவர்கள் வேறொரு தாளில்.

அந்தக் குடிசைக்காரர்கள் கொடுத்த புகார் மீது ஐப்பசி பதினேழாம் தேதி காலை பத்து மணிக்குத் தூத்துக்குடி பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் விசாரணை. கம்பெனி தன் வக்கீலையும் நிபுணரையும் கூட்டி வரும். சங்கு குளிப்போர் பக்கம் இருபது வயதுப் பெண் ஒருத்தியும் ஏழெட்டு இளைஞர்களும் மட்டும் நிற்பார்கள் என்றால் அந்த அறையில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறவர்கள் அன்று ஒரு நாள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாருங்கள். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அறையை நிறைத்து நில்லுங்கள். வர இயலாதவர்கள், அந்தக் குழாய் அடுத்து யாருடைய வாசலுக்குத் திருப்பப்படும் என்று கேட்டுத் திருநெல்வேலி கலெக்டருக்கு இன்றே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள்.