முழங்கால் தரையைத் தொடும்வரை

எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளையைத் தொட்டியில் குளிப்பாட்டுவதில்லை. குளிப்பாட்டுகிறவர் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, முழங்காலுக்குக் கீழே கால்மேல் பிள்ளையைப் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கால் நேராக இருந்தால்தான் பிள்ளை வழுக்காது. என் மகள் பிறந்தபோது அதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லை. மனைவிக்கு ஆப்பரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். அவள் குனியவே கூடாது. மாமியார் வெளிநாட்டில் வீட்டு வேலை. என் அம்மா உயிரோடு இல்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் அக்காதான் முதல் மாதம் கைகொடுத்தார். "முப்பது நாள்தான் தம்பி. அப்புறம் குருவிட்டையில என் மகளுக்குப் பிரசவம், நான் போயிருவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பரவாயில்லக்கா, நானே பழகிக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க, உக்காந்து காட்டுங்க."

உட்கார்ந்தேன். வெட்கக்கேடு. முழங்கால் இரண்டும் கூரை மாதிரி எழும்பி நின்றன. அழுத்தி நீட்டினால் உடம்பு பின்னால் சாய்ந்தது, பின்தொடை வலித்துத் தொலைத்தது. "இதுல பிள்ளைய வச்சா சறுக்கி வாசலுக்குப் போயிரும்" என்று அக்கா சிரித்தார். மனைவியும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்ன ஆனாலும் சரி, என் மகளை நான்தான் குளிப்பாட்டுவேன் என்று மனசுக்குள் முடிவு செய்தேன்.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். "நரம்பு சுருண்டுக்கிச்சு" என்று லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ரப்பர் ஷீட்டை ரோலரில் கொடுத்தால் தட்டையாகப் படிந்துவிடுகிறது, இந்தக் கால் மட்டும் படியாதா? சிரட்டைகளில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சுரண்டி ஒரு சாக்கில் கட்டினேன். காலை நீட்டி, சாக்கை முழங்கால்மேல் ஏற்றி வைத்துக்கொண்டேன். அந்த நாற்றம் தாங்காமல் மனைவி கதவைச் சாத்திவிட்டாள். மூன்று நாள் இப்படிச் செய்தேன். நாலாம் நாள் தோட்டத்தில், முதல் மரத்திலேயே குனிய முடியவில்லை. பால் கத்தியைப் பிடித்தபடி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற மிஸ், சிங்களப் பெண். நான் என் வலியைச் சிங்களத்தில் சொன்னேன், அவர் தமிழில் பதில் சொன்னார். மரமரப்பு பாதம்வரை இறங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், "வெட்டுற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றார். அறையில் இருந்த தூணை மரமாக நினைத்து, அவருடைய பேனாவையே கத்தியாகப் பிடித்துக் காட்டினேன். எனக்குக் கொடுத்திருந்த மரங்களில் வெட்டு, பட்டை சீவச் சீவ, முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. காலை விறைத்துக்கொண்டு, முதுகை வளைத்துத்தான் வெட்டுவேன். இடது கால் எப்போதும் முன்னால் இருக்கும்.

"இப்படி எத்தன மரம்?"

"காலையில முந்நூறு, மிஸ்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது நரம்பு இல்ல, சதை. உக்கார்ற எலும்புல இருந்து முழங்காலுக்குக் கீழ வரைக்கும் போகுது. நீங்க குனிஞ்சா விழாம புடிச்சிக்கிட்டு நிக்கிறது அதுதான். களைச்சுப் போச்சு. வம்பா இழுத்தா இன்னும் இறுக்கிப் புடிக்கும். ஹெமின், ஹெமின்" என்று, மெதுவாக என்பதைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னார்.

மல்லாந்து படுத்து, லுங்கி போலக் கட்டும் சாரத்தை உள்ளங்காலில் மாட்டி, ஒரு காலை மெல்லத் தூக்க வேண்டும். லேசாக இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டே முப்பதுவரை எண்ண வேண்டும். வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. மரத்தடியில் முழங்காலைத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மரத்துக்கு மரம் காலை மாற்றி வைக்க வேண்டும். கால் நீட்டி உட்காரும்போது இடுப்புக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒட்டுப்பால் சாக்கு கதையை அவரிடம் மறைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் சாரத்தோடு படுத்துக் கிடந்தேன். "தூளி கட்டிட்டீங்களா?" என்று மனைவி கேலி செய்வாள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. அக்கா புறப்பட்ட அன்று முழங்காலுக்கும் தரைக்கும் இடையே இன்னும் நாலு விரல் இடைவெளி. அன்று மகளை ஈரத்துணியால் துடைத்துதான் எடுத்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்பது நாள் துடைத்தோம். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மடித்த சாக்கில் உட்கார்ந்து காலை நீட்டினேன். முழங்கால் தரையில் படிந்தது. மனைவி மகளைக் கொண்டுவந்து என் கால்மேல் வைத்தாள். முதல் செம்புத் தண்ணீருக்கு மகள் வீரிட்டு அழுதாள். மூன்றாவது செம்பு ஊற்றுவதற்குள் விரலைச் சூப்ப ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து, நான் மகளைக் கால்மேல் வைத்திருந்த நேரத்தில் அக்கா திரும்பி வந்தார். பையை வாசலில் போட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினார். "நகருங்க தம்பி, நான்தான் வந்துட்டேன்ல. பிள்ளையக் குடுங்க." சொல்லிக்கொண்டே என் முழங்காலை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

"நீங்க தண்ணி ஊத்துங்கக்கா. இவ என் காலுக்குப் பழகிட்டா."

அக்கா செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு, "சூடு போதுமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.