சிவப்புப் பெருக்கல் குறி போட்ட டிரைவ்

பாகூரில் ஒரு பேனர் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். கடையில் முன்பு இரண்டு கம்ப்யூட்டர்கள். படங்கள் எல்லாம் பழையதில் இருக்கும். கேபிள் வழியாக அது என்னுடையதில் ‘இசட்’ டிரைவாகத் தெரியும். போன மழையில் இடி விழுந்து பழையது கருகிப்போனது. டிஸ்க்கும் போச்சு என்று ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார்.

இசட் மட்டும் என் திரையை விட்டுப் போகவில்லை. மேலே சிவப்பாக ஒரு பெருக்கல் குறியோடு அங்கேயே இருந்தது. திறந்தால் ‘பாதை கிடைக்கவில்லை’ என்றது. நீக்கச் சொன்னால் ‘அப்படி ஓர் இணைப்பே இல்லை’ என்றது. கட்டளை எழுதித் துரத்தினேன், போனது. ரீஸ்டார்ட் ஆனதும் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பேய் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அதனால் இணையத்தில் தேடினேன். கேபிளைக் கழற்று, உன் கம்ப்யூட்டரில் தங்கிய பழைய நகல்களைத் துடை, பிறகு நீக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். கேபிளைக் கழற்றிவிட்டு, நகல்களைத் துடைக்கும் பட்டன்வரை போய்விட்டேன்.

முதலாளி அண்ணன் டீயோடு வந்தார். “செத்ததை இன்னும் ஏன்டா கட்டிக்கினு அழுவுற? தூக்கிப் போடுறா.”

வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

அந்த அம்மா பனித்திட்டு மீனவர் ஊரிலிருந்து வந்திருந்தார். மகன் தனியாகக் கடலுக்குப் போய் ஒன்பது நாள். படகு கிடைத்துவிட்டது, அவன் கிடைக்கவில்லை. கரையோர ஊரெல்லாம் ஒட்ட நோட்டீஸ் வேண்டும்.

“போட்டோ இருக்காம்மா?” என்றேன்.

“போன் அவங்கூடப் போயிடுச்சு தம்பி. ஆதார்ல இருக்கறது அவன் மாரியே இல்ல, யாரு அடையாளம் சொல்லுவா? போன வருசம் திருவிழா பேனர்ல இருந்தானே, அத எடு.”

“யம்மா, அந்தப் பொட்டி எரிஞ்சுபோச்சு,” என்றார் அண்ணன்.

“இங்கதான எடுத்தீங்க. இங்கதான் இருப்பான்.”

அவர் மனசு ஆறட்டும் என்றுதான் இசட்டைச் சொடுக்கினேன். திறந்தது. கழற்றிய கேபிள் என் மடியில் கிடந்தது. திருவிழாவுக்காகக் கழுத்தோடு வெட்டி வைத்த பையன்களின் தலைகள், வரிசை வரிசையாக, எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன.

ஒருமுறை பார்த்த படங்களின் நகலைக் கம்ப்யூட்டர் ஒளித்து வைக்கும், கேபிள் இல்லையென்றால் அதைக் காட்டும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நகல்களைத் துடைக்கும் பட்டனுக்கு இன்னும் ஒரு சொடுக்குதான் பாக்கி இருந்தது.

மகனின் தலையைப் பெரிதாக்கினேன். அந்த அம்மா திரையருகே குனிந்தார்.

“இன்னாப்பா, கழுத்தோட நிக்கறான்? மீதி எங்க?”

அவசரமாக வேறொரு படத்திலிருந்து ஓர் உடம்பை எடுத்து ஒட்டினேன். போகும்போது என்ன சட்டை என்று கேட்டேன். நீலம் என்றார். நீலமாக்கினேன்.

“மேல் பித்தான் போட மாட்டான்.”

பித்தானைத் திறந்து, தெரிந்த இடத்தில் அவன் கழுத்தின் நிறத்தைப் பூசினேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். “ம். அவன்தான்.”

படத்தை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, பிரிண்டருக்கும் அதே கேபிள்தான் என்பதால் அதைத் திரும்பச் செருகினேன். இசட்டில் மறுபடியும் சிவப்புக் குறி ஏறிக்கொண்டது. திறந்து பார்த்தேன், பாதை கிடைக்கவில்லை. டெஸ்க்டாப்பில் அவன் ஒருவன் மட்டும் இருந்தான்.

நோட்டீஸ்களை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா படியிறங்கினார். பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தார்.

“உன் பொட்டியில இருக்கறவன அழிச்சிடாத தம்பி. வூட்டுக்கு வந்துட்டான்னா நானே வந்து சொல்றேன், அப்ப அழி.”

“சரிம்மா,” என்றேன்.

இன்னும் வந்து சொல்லவில்லை.