பொடி டப்பாவில் இருந்த மாத்திரை

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை மூக்குப்பொடி டப்பா இருக்கிறது. நைனா, அதாவது என் அப்பா, அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் ஒரு நாளும் பொடி இருந்ததில்லை; வெள்ளை மாத்திரைகள் இருந்தன. மனநோய்க்கு மாத்திரை தின்பவர் என்று தெரிவதைவிடப் பொடி போடுபவர் என்று தெரிவது எங்கள் தெருவில் கௌரவம். யாராவது மாத்திரையையே பார்த்துவிட்டால் சொல்வதற்கு 'பிரஷர்' என்ற இரண்டாவது பதிலும் தயாராக இருந்தது.

நைனா செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். நான் பள்ளி இறுதியில் படித்தபோது ஒரு சித்திரையில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பத்து நாள் ஓயாமல் பேசினார். கோட்டை மலை முழுவதும் தன் பேருக்குப் பட்டா ஆகப்போகிறது என்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மதில் பிரித்துக் கொடுத்தார். பல வருஷம் கழித்து, பட்டா கொடுக்கிற தாலுகா ஆபீசிலேயே எனக்கு வேலை கிடைத்தது. அந்த விண்ணப்பம் மட்டும் என் மேசைக்கு வரவில்லை. பேச்சு நின்றதும் நைனா இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எழுந்தார். அன்றிலிருந்து அந்த மாத்திரை. சில மாதங்களுக்கு ஒரு தரம் விழுப்புரம் பஸ் ஏறி ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். கை லேசாக நடுங்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர். "உப்பக் கொறைக்காத, தண்ணிய வுடாதன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு" என்பார், யாரும் கேட்காமலே. அதற்குப் பிறகு சாகும்வரை ஒழுங்காக வேலைக்குப் போனார்.

அரசு அலுவலகத்தில் முடிந்த கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு முறை உண்டு. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு. சில மட்டும் நிரந்தரம். மற்றவை கெடு முடிந்தால் அழிக்கலாம். என் மகளைப் பெண் பார்க்க வந்த வாரத்தில் நைனாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அவர் இறந்து பத்தாண்டு தாண்டியிருந்தது. முறைப்படி அழிக்கத்தக்கவை என்று முடிவு செய்து தோட்டத்தில் வைத்துக் கொளுத்தினேன். விதிமீறல் எதுவும் இல்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவளுக்கும் தூக்கம் போயிற்று. ஓயாத பேச்சு, பிறகு சுவர். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் உண்டா?' அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று நிரப்பினேன். நான்கு மாதத்தில் இரண்டு மருந்து மாற்றினார்கள். அவள் தன் ஆறு வயதுப் பெண்ணின் பின்னால் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வாரமாட்டாள். குழந்தை சற்று நேரம் நின்றுவிட்டுத் தானே தலையை வாரிக்கொள்ளும். அதைப் பார்த்து எனக்கு அழுகைகூட வரவில்லை.

"இப்ப நாங்க ஊகிச்சுத்தான் மருந்து மாத்தறோம்," என்றார் டாக்டரம்மா. "இதே நோய் சொந்தத்துல ஒருத்தருக்கு வந்து, ஒரு மருந்துல நல்லாகியிருந்தா அதுவே எங்களுக்குப் பெரிய தடயம்."

பக்கத்து நாற்காலியில் மருமகன். எதிரில் மகள். நான் நைனாவுக்கு வந்ததைச் சொன்னேன், அவருடைய தண்ணீர்ச் சொம்பைச் சொன்னேன். கை நடுக்கத்தை, உப்பை, ரத்தப் பரிசோதனையைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "லித்தியம் மாத்திரையா இருக்கும். சீட்டு இருக்கா?"

"எரிச்சிட்டேன்."

மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கூட நாலு காப்பி வெச்சிருப்பீங்க. இத மட்டும் எரிச்சிட்டீங்களா மாமா?"

அடுத்துப் பேசியது மகள்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. "அப்ப என் பொண்ணுக்கும் இது எழுதியிருக்கா டாக்டர்?"

"எழுதியிருக்கலாம். ஆனா எழுதினதெல்லாம் படிக்கப்படணும்னு இல்ல," என்றார் அவர். மரபணுவின் எழுத்து மாறாமலே, எதைத் திறந்து படிப்பது, எதை மூடி வைப்பது என்று அதன்மேல் வேதிக் குறிகள் ஏறுமாம். அதற்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயராம். பசி, பயம், நீண்ட மனக்கஷ்டம் எல்லாம் அந்தக் குறிகளை மாற்றக்கூடும். சில மருந்துகளும் அவற்றைத் தொடுகின்றனவா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று சொல்லும் பரிசோதனை இன்னும் இல்லை. எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. கோப்பு ஒன்றேதான், எந்தப் பக்கத்தில் அடையாளச் சீட்டு குத்தியிருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் அதிகாரி திறப்பார். நைனா சின்ன வயதில் அனந்தபுரம் பக்கம் கிழங்கு தோண்டித் தின்றே ஒரு பஞ்சக் கோடையைக் கழித்தவர். அந்தக் கோடை எந்தப் பக்கத்தில் சீட்டு குத்தியது என்று கேட்டேன். "தெரியாது சார்," என்றார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு நேர்மையான பதிலை நான் எந்த மேசையிலும் எழுதியதில்லை.

ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து நைனாவின் மருந்தையே தொடங்கினார்கள். சில வாரங்களில் அவள் தூங்கினாள். ஒரு காலையில் குழந்தைக்கு இரட்டைப் பின்னல் போட்டாள், ஒன்று கோணலாக. பழையபடி சிரிக்கிறாள் என்று சொல்லமாட்டேன்.

போன வாரம் மகள் எங்கள் வீட்டில் இருந்தபோது எதிர்வீட்டு அண்ணி வந்தார். எங்கள் தெருவுக்கே மூத்தவர். ஃபிரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, "இன்னா மாத்திரை பாப்பா இது?" என்று கேட்டார்.

'பிரஷர்' என் நாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் மகள், "மனசு ஒரு நெலையில நிக்கறதுக்கு அத்தை," என்றாள்.

"எங்க நைனாவும் இதான் சாப்ட்டாரு," என்றேன் நான்.

"தெரியுமே," என்றார் அண்ணி. "பொடி போடறவரு ஒரு நாளாவது மூக்கச் சிந்தணும்ல? எங்க வூட்டுக்காரரு அப்பவே சொல்லிட்டாரு. நீங்க சொல்லல, நாங்க கேக்கல."

அவர் போனபின் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்துப் பார்த்தேன். காலி. தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது என் மகளுக்கு மட்டும்தான்.