மலைராணியின் வாக்கு

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். பதினொரு வயதில் எனக்கு அது வந்தபோது பெரியம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். கன்னம் இரண்டும் இட்லி மாதிரி உப்பியிருந்தன. வலியைவிட அந்தச் சங்கிலிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தொலையாத பொருளுக்கும் முன்கூட்டியே அழுது வைத்துவிடுவேன்.

அந்த வாரம் தொலைந்துவிடுமோ என்று நான் பயந்த பொருள் இன்னொன்றும் உண்டு. ஜாமெட்ரி பாக்ஸின் அடியில் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதம். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அக்காவின் ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். மார்க்கையன்கோட்டையில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்தவள், ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரு கதையாட்டத்தையும் இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் கொண்டுவந்தாள். அவள் கதை சொல்லுவாள், நாங்கள் கதைக்குள் ஆட்களாக இருப்போம். தம்பி வாள்வீரன், விடுமுறைக்கு வந்திருந்த சித்தி மகன் வேடன், நான் மந்திரக்காரி. என்ன செய்யப்போகிறோம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பூதத்தைக் கண்டால் மற்ற இரண்டு பேரும் பாய்வார்கள். நான் மட்டும், "இதுல நமக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் நிற்பேன்.

ஒவ்வொரு பூதத்துக்கும் பரிசு பொற்காசு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். இரண்டு வாரத்தில் மூன்று பேரும் ராஜாக்களைவிடப் பணக்காரர்களாகிவிட்டோம். ஒருநாள் குகை வாசலிலேயே தம்பி படுத்துக்கொண்டான். "நான் வரலக்கா. தங்கந்தான் நெறையாக் கெடக்கே" என்றான். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "ஏலே, இனிமே இந்த ஆட்டத்துல தங்கமே கெடையாது, போ" என்றாள். கீழே கூடத்தில் அப்போது பெரியவர்கள் அவளுக்கு எத்தனை பவுன் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்த பரிசுகளே வேறு. தம்பிக்குக் 'கணவாய்க் காவலன்' என்ற பட்டம். அவன் பேரைக் கேட்டால் எந்தக் கோட்டைக் கதவும் திறக்க வேண்டும். அவன் அதைக் குளியலறை வாசலில் பரீட்சித்துப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கினான். சித்தி மகனுக்கு மலைராணியின் தோட்டத்தில் எந்தப் பந்தலிலும் பழம் பறிக்கிற உரிமை. ராணியாகப் பேசுகிறவளும் அக்காதான் என்பதால், அவன் அன்றைக்கே அவள் தட்டிலிருந்த திராட்சையில் கைவைத்தான். அது கதை, இது வீடு என்று அவள் அவனை விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. அவன் ஊருக்குப் போகிறவரை தன் பங்குத் திராட்சையை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். குடுத்ததை இல்லையென்று சொன்னால் அன்றோடு ஆட்டம் செத்துப்போகும் என்பாள்.

எனக்குக் கிடைத்தது ராணியின் வாக்கு. என் ஆயுசில் ஒரே ஒரு தடவை பகடையில் இருபது போட்டேன், அன்றைக்கு. அக்கா நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். 'இதைக் கொண்டுவருகிறவள் கேட்கும் ஒன்றை ராணி மறுக்கக் கூடாது.'

"கதைக்குள்ள மட்டுமாக்கா?"

"வெளியேயுந்தான். ஆனா ஒரே ஒரு தடவ. யோசிச்சுக் கேளு."

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். தம்பி அவன் விடுமுறை வீட்டுப்பாடத்தை எழுதித்தரச் சொல்லி அக்காவிடம் கேட்கும்படி என்னை நச்சரித்தான். எதைக் கேட்டாலும், நாளைக்கு இதைவிடப் பெரிய தேவை வந்தால் என்ன செய்வது என்ற பயம் முன்னால் வந்து நின்றது. காகிதம் ஜாமெட்ரி பாக்ஸிலேயே கிடந்தது.

இதற்கிடையில் அக்காவுக்கு பெங்களூரில் வேலைக்கு ஆர்டர் வந்தது. படிப்பு முடிந்தால் வேலைக்கு அனுப்புவதாகப் பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார். அதே சமயத்தில் போடியிலிருந்து ஒரு நல்ல இடமும் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் காதில் அந்தப் பேச்சு விழுந்தது.

"வேலைக்குப் போகலாம்னு சொன்னீகளேப்பா."

"சொன்னேன் ஆத்தா, இல்லேங்கல. ஆனா இப்பிடி ஒரு எடம் திரும்ப வருமா?"

பெரியப்பா கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அக்கா எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அடுத்த புதன்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அக்கா அதன் பிறகு பகடையை எடுக்கவில்லை. அவள் எங்காவது கிளம்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். வீட்டில் யாராவது பேசாமல் இருந்தாலே எனக்கு ஆகாது.

எனக்கு அந்தப் பயம் வரக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டு வருஷத்துக்கு முன் பையோடு பஸ் ஏறிப் போயிருந்தாள். குழாயடியில் அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல்கள் இறங்கும். அவள் அம்மாவை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவள் எதற்குப் போனாள், எங்கே போனாள் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பையோடு பஸ் ஏறினால் வீடே அழிந்துபோகும் என்று மட்டும் விளங்கிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளைக்குச் சனி நடக்கிறது, எள் விளக்குப் போட வேண்டும் என்றார்கள். அக்கா, தான் வீட்டுக்குத் தூரம் என்றாள். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. வீங்கிய கன்னத்தோடு என்னையும் கூட்டிப்போக முடியாது. "அக்காவத் தொடாம அங்கன தள்ளிப் படுத்துக்க. சங்கிலி பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வேனில் ஏறினார்.

நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது சாமி ரூமில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தூரமான நாளில் அந்த அறையின் வாசலைக்கூட மிதிக்க மாட்டாள். அவள் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். என்ன கேடு வரப்போகிறதோ என்று கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். பீரோவில் அவளுக்காகச் சேர்த்த நகைப்பெட்டி முன்னால் இருந்தது. அதை ஓரமாக நகர்த்தி, பின்னாலிருந்து சர்டிபிகேட் ஃபைலை எடுத்தாள். பெட்டியைப் பழையபடி வைத்துப் பூட்டினாள். நடையில் அவளுடைய ஹாஸ்டல் பை தயாராக இருந்தது.

"எங்கக்கா போற?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெங்களூருக்கு. திங்கக்கெழம வேலையில சேரணும். அப்பாவுக்கு லெட்டர் எழுதி வச்சிருக்கேன். போறப்ப பக்கத்து வீட்டு அத்தைட்ட சொல்லிட்டுப் போறேன், வந்துருவாக. ஒன்னையப் பாத்துக்குவாக."

நான் அழ ஆரம்பித்தேன். வாயைத் திறந்தால் தாடை வலித்தது, மூடினால் மூச்சு முட்டியது. குழாயடிப் பேச்சு முழுக்க எங்கள் வீட்டைப் பற்றியதாக மாறிக் காதில் கேட்டது. பெரியம்மாவை யாரும் கூப்பிட மாட்டார்கள். பெரியப்பா தெருவில் நடக்க மாட்டார். அக்கா பையைத் தோளில் மாட்டியபோது எனக்கு அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஜாமெட்ரி பாக்ஸைத் தரையில் கொட்டி, அதை எடுத்து வந்து அவள் முன்னால் நீட்டினேன்.

"நீ போகக் கூடாது. இதான் நான் கேக்குறது."

அக்கா தன் கையெழுத்தையே புதிதாகப் பார்ப்பதுபோல வாசித்தாள். "இது வேணாம்டி. வேற ஏதாச்சும் கேளேன்."

"மாட்டேன்."

"வேற எது வேணாலும் கேளு. கட்டாயம் தாரேன்."

"ராணி மறுக்கக் கூடாதுன்னு எழுதிருக்கு" என்று நான் அடம்பிடித்தேன். என் கை அவள் பையின் வாரை விடவில்லை.

அவளுடைய போன் அடித்தது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்த தோழியாக இருக்க வேண்டும். அடித்து அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. அக்கா நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கொட்டிக் கிடந்த பேனாக்களில் ஒன்றை எடுத்துக் காகிதத்தின் கீழே 'கொடுத்தாயிற்று' என்று எழுதி என்னிடம் தந்தாள். லெட்டரைக் கிழித்தாள். ஃபைலோடு இரண்டாவது தடவை சாமி ரூமுக்குள் போய், நகைப்பெட்டிக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு வந்தாள்.

"கோவமாக்கா?"

"இல்லடி. ஒன் வாக்கு தீந்துபோச்சு, அவ்வளவுதான்."

சாயங்காலம் வந்ததும் பெரியம்மா முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார். வீக்கமும் கொஞ்சம் வற்றியிருந்தது. "சங்கிலி போட்டதுல கேட்டுருச்சு பாத்தியா" என்று எல்லோரிடமும் சொன்னார். புதன்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. பட்டுச்சேலையில் அக்கா நன்றாக இருந்தாள். அவளையும் வீட்டையும் காப்பாற்றிய பெருமையில் நான் இரண்டு லட்டு கூடுதலாகத் தின்றேன். அவள் பகடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். அவளில்லாமல் எங்களுக்கு அந்த ஆட்டம் வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, போன மாதம், நான் பையோடு தேனியில் பெங்களூர் பஸ் ஏறினேன். எனக்கும் அங்கேதான் வேலை. பெரியப்பாவே வந்து பையைத் தூக்கி வைத்தார். போடியிலிருந்து அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் சாப்பிடத் திராட்சை கொடுத்தாள். அவள் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் அப்படித்தான் சொல்கிறாள்.

பஸ் நகர்ந்ததும் எனக்கு அந்த நடை நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். வேறு ஏதாவது கேள் என்று அவள் என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். என் கையில் இருந்த காகிதத்தை அவளால் மறுக்கவே முடியாது. 'போயிட்டு வாக்கா' என்றும் கேட்டிருக்கலாம் என்பது பதினொரு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.