லண்டனிலிருந்து பதின்மூன்று மணித்தியாலம்

"எத்தனை மணித்தியாலம்?" என்று ஒருவர் கேட்டால் எங்கே தொடங்கி எங்கே முடித்து எண்ணிச் சொல்ல வேண்டும்? யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, விமான ரிக்கெற் விற்கும் ஏஜென்சி ஒன்றில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இன்னும் விடை தெரியாது.

முதல் நாளே முதலாளி சுவர்ப்பலகையைக் காட்டினார். லண்டன் – கொழும்பு: 5,400 மைல், 13 மணித்தியாலம்.

"உது பறக்கிற நேரம், பிள்ளை. இடையிலை இறங்கி நிக்கிற ட்ரான்சிற் நேரத்தை நீராகவே சொல்லக்கூடாது. சொன்னா சனம் பக்கத்துக் கடைக்குப் போயிடும்."

தலையாட்டினேன். கைக்குழந்தையைச் சுன்னாகத்தில் மாமியிடம் விட்டுவிட்டு வந்தவளுக்கு வேறு என்ன வழி?

ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, தெல்லிப்பழையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். விடியப்புறம் அவருடைய தாய் இறந்துவிட்டார். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய கடைசி மகன் லண்டனில். அந்த மகன் ரெலிபோனில் அவசரமாகச் சொன்ன விமான இலக்கத்தை மட்டும் வந்தவர் துண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி இண்டைக்கு இரவு ஏறுறான். எத்தனை மணித்தியாலம், பிள்ளை?"

நேர அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டினேன். பறப்பது பதின்மூன்று. இடையில் ஓர் ஊரில் நிற்பது இருபத்திரண்டு.

"பதின்மூண்டு, அண்ணை. ஆனா..."

முதலாளி செருமினார். நான் நிறுத்திவிட்டேன்.

அவர் விரல்மடித்து எண்ணினார். "நாளைக்குப் பின்னேரம் கொழும்பு. இரவு பஸ். புதன் காலமை வீட்டை. அப்ப அம்மாவை மருந்தேத்தி எம்பாம் பண்ணத் தேவையில்லை. அதுவரைக்கும் ஐஸ் காணும்."

போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதன் பின்னேரம் வரை காத்திருந்தார்கள். அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. சைக்கிளில் வந்த அண்ணனே கொள்ளி வைத்தார். தம்பி வியாழன் காலை வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் அந்தத் தம்பி எங்கள் கடைக்கு வந்தார்.

"அக்கா, பதின்மூண்டு எண்டு சொன்னது நீங்களோ?"

"ஓம்."

முதலாளி முந்திக்கொண்டார். "தம்பி, பறந்தது பதின்மூண்டுதானே? நாங்கள் பொய் சொல்லேல்லை."

"அப்ப மிச்ச இருபத்திரண்டு மணித்தியாலமும் நான் எங்கை இருந்தனான்? உங்கடை புத்தகத்திலை அது இல்லையோ?"

"உதெல்லாம் புத்தகத்திலை போடமாட்டினம்."

புத்தகம் என் முழங்கைக்குக் கீழே இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "பாவம், அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் அந்தச் சொல்தான் என்னை எரிக்கிறது. சுன்னாகத்துக்கு பஸ் ஓடுவது அரை மணித்தியாலம். என் பிள்ளை அந்த அரை மணித்தியாலத்துக்கு மட்டுமா அழுகிறான்? நான் இல்லாத நேரம் முழுவதற்கும் அழுகிறான். இது தெரிந்தவள்தானே நான்? முதலாளி மேல் வரும் ஆத்திரம் என்மேல் வந்து முடிகிறது.

இப்போது ரிக்கெற் உறைகளில் மொத்த நேரத்தைப் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன். முதலாளி கண்டால் வேலை போகும். போகட்டும் என்று சொல்லத் துணிவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை.

திரும்பும் ரிக்கெற்றை உறுதிசெய்ய அந்தத் தம்பி அன்று எழுதிக் கொடுத்த லண்டன் விலாசம் எங்கள் கோப்பில் இருக்கிறது. "புத்தகத்தில் இருந்தது, நான் பார்த்தேன்" என்று இரண்டு முறை கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும். அவருக்கு ஆறத் தொடங்கிய புண் திரும்பவும் கிளறப்படுமோ? இதை வாசிப்பவர்களில் தாயின் கொள்ளிக்குப் பிந்தி வந்த பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அந்தக் கடிதம் உங்களுக்கு வர வேண்டுமா, வேண்டாமா?