அம்மா டால்மா செய்யப் பழகிய தவக்காலம்

அந்தத் தவக்காலத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் ஒரே சாப்பாடுதான். ஒடிசாக்காரர்கள் அதை டால்மா என்கிறார்கள். பருப்பும் வாழைக்காயும் பரங்கிக்காயும் ஒன்றாக வெந்து, மேலே வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும் தூவியது. பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் அதுவரை யாரும் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். நானும்தான்.

அம்மா திருமழிசைத் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் செய்கிறாள். பாத்திரம் கழுவச் சேர்ந்தவள். பிறகு காய் நறுக்கினாள், மாவு அரைத்தாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். பெரிய கரண்டி அவள் கைக்கு வருவதற்குப் பதினோரு வருடம் ஆயிற்று. இப்போது மதியத்துக்கு மட்டும் இருநூறு பேருக்கு அவள்தான் பொறுப்பு.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்த மறுநாள் கேன்டீன் காண்ட்ராக்டர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது ஒடிசாப் பையன்கள். அவர்கள் சாம்பாரைத் தொடுவதில்லை. வெறும் சோற்றுக்குப் பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் கடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். தொழிற்சாலை மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைச் செய்து காட்டு, முடியாவிட்டால் அங்கிருந்தே ஒரு சமையல்காரரை வரவழைக்கிறேன், நீ பழையபடி காய் நறுக்கப் போகலாம் என்றாராம் காண்ட்ராக்டர். கோபமாகச் சொல்லவில்லை என்பதையும் அம்மா எங்களிடம் சேர்த்துச் சொன்னாள்.

"காய் நறுக்கறது ஒண்ணும் கேவலம் இல்ல," என்றாள். "ஆனா அங்கேர்ந்துதான நான் வந்தேன். திரும்பிப் போறதுக்கா வந்தேன்?"

அதற்கு மேல் அவள் புலம்பவில்லை. மறுநாளே கேன்டீனில் கடைசி மேசையில் எப்போதும் உட்காரும் ஒடிசாக்காரரிடம் போய், வீட்டில் உங்கள் அம்மா என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறாள். அவருக்குத் தமிழ் அரைகுறை. இவளுக்கு இந்தி சுத்தமாக வராது. எப்படியோ டால்மா என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்தாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாதிரி அதை என்னிடம் கொடுத்து, போனில் தேடச் சொன்னாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிப்ளமா படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் உதிரி பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ரேஷன் கார்டிலிருந்து கரண்டு பில் வரை, எழுத்து சம்பந்தப்பட்ட எதுவானாலும் வீட்டில் என்னிடம்தான் வரும். அதனால் செய்முறையை நான் படிக்க, அம்மா அடுப்பில் நின்றாள். "உப்பு, தேவையான அளவு" என்று நான் படித்தபோது திரும்பிப் பார்த்தாள். "இத்த எழுத ஒரு ஆளு, இத்த படிக்க ஒரு ஆளா?" என்றாள்.

முதல் ஞாயிறு கடுகெண்ணெயால் கெட்டது. தொழிற்பேட்டைப் பக்கம் ஒடிசாப் பையன்களுக்காகவே நடக்கும் ஒரு சின்னக் கடையில் அதை வாங்கி வந்திருந்தாள். எண்ணெய் சூடானதும் தாளிக்கவும் என்று போட்டிருந்தது. நம் எண்ணெயில் தாளிப்பதைப் போலவே தாளித்துவிட்டாள். ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்த நைனா, முதல் வாயிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமே இது, மூக்குல ஏறுது. ஜலதோஷத்துக்குக் குடுத்தா நல்லா கேக்கும்."

"யோவ், வாய மூடிகினு துண்ணு. உனக்கா செய்றேன்?"

ஆனாலும் அவர் தட்டைக் காலி செய்தார். அம்மாவின் தட்டில்தான் பாதி அப்படியே இருந்தது. திங்கட்கிழமை அவள் அதே டால்மாவைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கடைசி மேசைக்காரர் முன் வைத்திருக்கிறாள். கெட்டுப்போன சமையலை யாராவது இப்படிக் கொண்டுபோய்க் காட்டுவார்களா என்று எனக்குத் தோன்றியது. நானாக இருந்தால் சாக்கடையில் கொட்டியிருப்பேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, எண்ணெய் பச்சை," என்று சொல்லி, விரல்களை மேலே அலையவிட்டுப் புகையைக் காட்டினாராம். கடுகெண்ணெய் புகைய வேண்டும். புகைந்து அடங்கிய பிறகுதான் தாளிக்க வேண்டும். நான் படித்த பக்கத்தில் அது இல்லை. அல்லது இருந்து, நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு எண்ணெய் சரியாக வந்தது. ஆனால் பருப்பு வெந்ததும் அம்மாவின் கை தானாகப் போய்ப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டது. ஊற்றிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். நாங்கள் மூவரும் அன்று கடுகெண்ணெயில் தாளித்த சாம்பார் சாப்பிட்டோம். மூன்றாம் ஞாயிறு விடிந்ததும் புளி டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு அக்காவிடம், சாயங்காலம் வரை நான் வந்து கெஞ்சினாலும் தராதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு டால்மா சரியாக அமைந்தது. எனக்கு அதன் ருசி எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாது. ஆனால் முதல் தடவையாக அது எதன் மாதிரியும் இல்லாமல், தானாக இருந்தது. நைனா காலித் தட்டை மறுபடி அம்மா பக்கம் நகர்த்தினார். அவர் பாராட்டுவது அவ்வளவுதான். திங்கட்கிழமை கடைசி மேசைக்காரரும் தலையாட்டிவிட்டார்.

இனி மிச்சம் இருப்பது அளவுதான் என்று நான் நினைத்தேன். நான்கு பேருக்கான செய்முறை. இருநூறு பேருக்கு வேண்டும். இது கணக்கு, கணக்கு என் வேலை. ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, முதலில் வைத்துப் பார்க்க நாற்பது பேருக்கு ஒரு வரிசை, பிறகு இருநூறு பேருக்கு ஒரு வரிசை என்று பருப்பு, தண்ணீர், எண்ணெய், மிளகாய் எல்லாவற்றையும் பெருக்கி எழுதினேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் என்றதும் நிறுத்தினாள்.

"அம்மாந் தண்ணியா?"

"கணக்கு தப்பாதும்மா. பத்து மடங்கு ஆளு, பத்து மடங்கு தண்ணி."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். அவளுக்குச் சந்தேகம் போகவில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. நான் எழுதியதைத் தட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த மாதம் எங்கள் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. சர்ச்சைச் சேர்ந்த எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். தவக்காலம் என்றால் முடிவில் கஞ்சி மட்டும் கொடுப்பது வழக்கம். அம்மா சர்ச்சிலிருந்து அண்டாவைக் கேட்டு வாங்கி, வாசலில் அடுப்பு மூட்டி, சனிக்கிழமை சாயங்காலம் நாற்பது பேருக்கு என் தாளின்படி டால்மா வைத்தாள். தவக்காலத்தில் விருந்தா என்று ஒரு அக்கா சீண்டினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே அது விருந்து இல்லை என்று புரிந்துவிட்டது. பருப்பு அடியில் கிடந்தது. மேலே தண்ணீர் நின்றது. அதற்கும் மேலே கடுகெண்ணெய் பளபளவென்று மிதந்தது. காரம் தனியாகக் காதில் ஏறியது. எல்லோரும் மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஓரமாக வைத்தார்கள். அந்த அக்கா மட்டும், "இது இன்னா ஒறுத்தல் முயற்சியா?" என்று, தவக்காலத்தில் உடலை வருத்திக்கொள்வதற்குச் சர்ச்சில் சொல்லும் வார்த்தையில் கேட்டு, சிரிக்க வைத்தார்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய் நின்றேன். எல்லோரும் போன பிறகு அம்மா வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சின்ன சட்டில தண்ணி சீக்கிரம் ஆவியாப் பூடும்," என்றாள். "அண்டால அப்டி போவாது. எண்ணெயும் அம்மாம் வாணாம். நீ எழுதனது தப்பில்லப்பா. நீ அண்டாவ பாத்ததில்ல."

பட்டறையில் தினமும் அளவு பார்க்கிறவன் நான். ஒரு பாத்திரம் பெரிதானால் அதற்குள் நடப்பதும் மாறும் என்பது அதுவரை என் புத்தியில் ஏறியதில்லை. அவள் தாளில் இல்லாத அந்தக் கணக்கைப் வருடக்கணக்கில் அண்டா முன் நின்று போட்டவள். அதை அவள் ஒரு நாளும் கணக்கு என்று சொன்னதில்லை.

அந்த வாரம்தான் காண்ட்ராக்டர் நாளும் குறித்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜரும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார் என்றார். வெள்ளி என்றதும் நானும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தவக்கால வெள்ளிகளில் அம்மா சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம் நேர்ந்துகொண்டது. அந்த நாட்களில் கேன்டீனில் சாம்பார், ரசம் எல்லாம் ருசி பார்க்காமல்தான் வைப்பாள். அவை அவள் கையில் ஊறியவை. டால்மா அப்படி இல்லையே.

ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நைனா சொல்லிப் பார்த்தார். வேறு யாரையாவது ருசி பார்க்கச் சொல்லேன் என்று நான் சொன்னேன். கேன்டீனில் இருக்கிற பெண்கள் யாரிடம் கொடுத்தாலும் புளி போடு என்றுதான் சொல்வார்கள் என்றாள். கடைசி மேசைக்காரரோ மணி அடிக்கும் வரை மிஷினை விட்டு நகர முடியாது. கடவுளை இழுத்த நைனாவுக்கு மட்டும் ஒரு பதில் சொன்னாள்.

"அவரு கேக்கலய்யா. நானா சொன்னேன். எனக்கு ஒரு கஷ்டம்னா வாபஸ் வாங்கிக்கறதுக்குப் பேரு நேர்த்தியா?"

கூட்டத்துக்கு மறுநாளே, நான்காம் ஞாயிறு, மறுபடி அதே அண்டா. இந்தத் தடவை தாள் இல்லை. அம்மா வாயில் எதையும் வைக்கவில்லை. உப்பைக் கைப்பிடியாக அள்ளிப் போடுவாள், கிளறுவாள், கரண்டியை என்னிடமோ நைனாவிடமோ நீட்டுவாள். நாங்கள் குறைவு என்போம். இன்னும் அரைப்பிடி. மறுபடி கரண்டி. பரங்கிக்காய் எந்த நிறத்துக்கு வந்தால் போதும், கரண்டியிலிருந்து விழும்போது பருப்பு எப்படி இறங்க வேண்டும், சீரகம் வறுபடும்போது எந்த வாசனையில் இறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கண்ணாலும் கையாலும் பிடித்து வைத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு நாக்கும் அன்று அவளுக்கு வாடகைக்குப் போயிருந்தன. கடைசியில் நைனா, "போதும்மே, இதுக்கு மேல ஒரு கல்லு உப்பு வாணாம்," என்றதும் கரண்டியை வைத்தாள். தெரு மொத்தத்துக்கும் கொடுத்தனுப்பினோம். முன்பு சீண்டிய அக்கா பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தபோது செய்முறை கேட்டார்.

வெள்ளிக்கிழமை நான் பட்டறையில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கேன்டீனுக்குப் போக முடியாது, போனாலும் உள்ளே விட மாட்டார்கள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நைனா சவாரியை முடித்துக்கொண்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்கு வந்தார். அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, சிலுவைக்கு முன் நின்று முணுமுணுத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் சாப்பிட்டுவிட்டு மற்ற மேசைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். காண்ட்ராக்டர் கைகட்டி நின்றுகொண்டே இருந்தாராம். அப்போது கடைசி மேசைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். பிறகு வரிசை கதவு வரைக்கும் போயிற்று. இந்த ஊர்ப் பையன்கள் சிலரும் என்னதான் இது என்று அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். காண்ட்ராக்டர் அம்மாவிடம் வந்து, "வேற ஆளு வேணாம்க்கா. வாரத்துக்கு ரெண்டு நாளு இத்தயே போட்டுடு," என்றாராம்.

இவ்வளவையும் அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். நைனா கஞ்சியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். கூடவே கேரியரில் மிச்சம் கொண்டுவந்திருந்த டால்மாவையும் வைத்தார். அன்றைய முதல் சாப்பாடு அது. காலையிலிருந்து தன் கையால் செய்து, இருநூறு பேருக்குக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிதானமாக மென்றாள். விழுங்கினாள்.

"உப்பு அரைப்பிடி தூக்கல்," என்றாள்.

"எல்லாம் துண்ணுட்டுப் பூட்டாங்க. இப்ப இன்னா அதுக்கு?" என்றார் நைனா.

"செவ்வாக்கெயம மறுபடி வெக்கணும்ல. கொறச்சிக்கறேன்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த வாயை எடுத்தாள்.